மாதோட்டத்தில் உலவக்கூடிய பேய் எது?

பாலைப்பழம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் தரம் ஆறு, ஏழு பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற தவணை முடிவில் பிள்ளைகளை மன்னாரில் உள்ள திருக்கேதீச்சரத்துக்கு அழைத்துச் சென்றோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது, இங்கேதான் மாதோட்டம் என்ற பெரிய துறைமுகப் பட்டினம் இருந்தது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு பையன் பாலாவித் தீர்த்தக் கரையில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "பட்டினம் எங்கே ரீச்சர்?" என்று கேட்டான். கோயிலைக் காட்டலாம், தீர்த்தத்தைக் காட்டலாம். பட்டினத்துக்கு என்று காட்டுவதற்கு முட்செடி வளர்ந்த மேட்டைத் தவிர வேறெதுவும் என்னிடம் இருக்கவில்லை.

வவுனியா வழியாகத் திரும்பி முறிகண்டியில் கச்சான் வாங்கியபோது இருட்டிவிட்டது. பேருந்தில் பேய்க்கதை தொடங்கியது. எல்லாமே தொலைபேசியில் பார்த்த கதைகள். வெள்ளைச் சேலை, பழைய மாளிகை, தானாகத் திறக்கும் கதவு. ஒரு பிள்ளை மட்டும், "எங்கட வீட்டுக் கதவு தகரம், ரீச்சர். அது காத்துக்கே திறக்கும். பேய் வந்தாலும் எப்படித் தெரியும்?" என்றாள். அந்தக் கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. நம் பிள்ளைகளுக்கு நம் நிலத்துப் பேய் ஒன்று வேண்டும், அது மாதோட்டத்துப் பேயாக இருந்தால் அந்தப் பையனுக்குப் பட்டினத்தையும் காட்டியதாக இருக்கும் என்று நினைத்து எழுதத் தொடங்கினேன்.

எழுதியது சரிவரவில்லை. ஓர் அரசனின் ஆவி நிலத்தடியில் புதையலைக் காக்கிறது, மூன்று பிள்ளைகள் இரவில் போய்த் தோண்டுகிறார்கள் என்று பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தால், இந்தக் கதை எந்த ஊரிலும் நடந்திருக்கலாம் போல இருக்கிறது. மாதோட்டம் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் ஒரு வரிகூட மாறாது. பழைய நகரம் ஒன்றிலிருந்து பேய்க்கதையை எப்படி எடுப்பது? வரலாற்றை எவ்வளவு சேர்ப்பது? பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை எவ்வளவு தூரம் பயமுறுத்தலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அருவியாற்றுக்கரை எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, நான் மன்னார்ப் பெருநிலப்பரப்பில் இருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்றவன், நேரம் உள்ளவன். ஆகவே பதில் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கதையில் தவறு அரசனிடம் இருக்கிறது. மாதோட்டம் அரசன் இருந்த ஊர் அன்று. அரசன் அனுராதபுரத்தில் இருந்தான், மாதோட்டம் அவனுடைய கடல்வாசல். தெற்கே மன்னார்க் குடாவிலும் வடக்கே பாக்குக் கடலிலும் வந்த சரக்குகள் அங்கே கைமாறின. இராமர் அணையின் மணல்திட்டுகளுக்கு இடையே பெரிய கப்பல் நுழைய முடியாது என்பதால், இரு கடல்களுக்கும் நடுவில் இறக்கி ஏற்றும் இடமாகவே அந்த ஊர் வாழ்ந்தது. 10ஆம் நூற்றாண்டு முடிந்து 11ஆம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் சோழர் கைக்கு அது போனபோதும் அதற்கு இராசராசபுரம் என்று பெயர் சூட்டினார்களே தவிர, ஊரின் தொழிலை மாற்றவில்லை. அனுராதபுரம் கைவிடப்பட்டுத் தலைநகர் பொலன்னறுவைக்குப் போன பிறகு, அந்தத் துறைக்கு வேலை மெல்ல மெல்ல இல்லாமல் போனது.

ஆகவே அங்கே பேய் உலவுமானால் அது மூட்டை தூக்கியவனின் பேயாக இருக்க வேண்டும், தோணி கட்டியவனின், சுங்கம் வாங்கியவனின், கணக்கு எழுதியவனின் பேயாக இருக்க வேண்டும். நகரத்தின் தொழில் எதுவோ அதுதான் பேயின் தொழிலாகும். மருதநிலத்துப் பேய் வயலைக் காக்கும், துறைமுகத்துப் பேய் எண்ணிக்கொண்டிருக்கும். இதைப் பிடித்துக்கொண்டால், பெயரை மாற்றினாலும் கதை மாறாது என்ற உங்கள் குறை தானாகத் தீர்ந்துவிடும்.

இனி ஒரு பொருளைத் தருகிறேன். அந்த மேட்டில் 1980 தொடக்கம் 1984 வரை ஜோன் காஸ்வெல் என்பவரின் தலைமையில் அகழாய்வு நடந்தது. சீனத்துப் பீங்கான், மேற்காசிய மெருகு மட்பாண்டம், கண்ணாடி மணி என்று மூன்று திசைக் கடல்களின் பொருள்களும் ஒரே குழியில் கிடைத்தன. பிறகு போர் வந்தது, குழியை மூடினார்கள். போர் முடிந்த பின் 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டியபோது மண்ணைச் சலித்து விதைகளைத் தேடினார்கள். நெல் நிறையக் கிடைத்தது, அதில் வியப்பில்லை. ஆனால் 600க்கும் 700க்கும் இடைப்பட்ட காலத்து மிளகு கிடைத்தது, அதாவது சம்பந்தர் வாழ்ந்த நூற்றாண்டின் மிளகு. அதோடு 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்துக் கராம்பு ஒன்று கிடைத்தது. ஒன்றே ஒன்று.

கராம்பு அக்காலத்தில் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மலுக்குத் தீவுகளில் மட்டும்தான் விளைந்தது. நேர்க்கோட்டில் அளந்தாலே அது இங்கிருந்து 5,000 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. நம் பிள்ளைகள் பல்வலிக்கு வாயில் அடக்கிக்கொள்கிற அதே கராம்பு, ஆயிரம் ஆண்டுக்கு முன் அவ்வளவு கடலைக் கடந்து வந்து, ஏதோ ஒரு மூட்டையின் தையல் விட்ட இடத்தால் நழுவி, மாதோட்டத்து மண்ணில் விழுந்து கிடந்திருக்கிறது.

இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். துறையில் கணக்கு எழுதிய ஒரு பையன். உங்கள் மாணவர்களின் வயதுதான். ஆயிரம் ஆண்டுகளாக ஒவ்வோர் இரவும் அவன் சரக்கை எண்ணி ஓலையில் எழுதி வருகிறான், ஒவ்வோர் இரவும் கணக்குச் சரியாக இருந்தது. ஆய்வாளர்கள் அந்த ஒரு கராம்பை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து கணக்கில் ஒன்று குறைகிறது. அவன் வருவதற்கு முன் கராம்பு மணக்கும், எழுத்தாணி ஓலையில் கீறும் ஒலி கேட்கும். கதவு திறக்க வேண்டியதில்லை. தகரக் கதவு உள்ள பிள்ளைக்கும் இந்தப் பேய் வந்தால் தெரியும்.


அரிப்புக்காற்று எழுதியது:

ஐயாவின் கராம்பு மிக நன்றாக இருக்கிறது. ஆனாலும் என் ஊருக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டும். மாதோட்டத்தில் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் ஊரான அரிப்பில் மிஞ்சியிருக்கிறது. முத்துக்குளிப்பைப் பார்க்க வரும்போது தங்குவதற்காக ஆளுநர் பிரடெரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலோரத்தில் கட்டிய மாளிகை அது. நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்று சொல்வோம். அல்லிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று படித்தவர்கள் சொன்னாலும் ஊர் கேட்பதில்லை. கடல் அதன் அடியை அரித்துக்கொண்டே வருகிறது. சுவர் சுவராக விழுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது ஏறி நின்ற இடம் இப்போது அலைக்குள் இருக்கிறது.

எனக்குப் பேயாகத் தோன்றுவது அந்த மாளிகை அன்று, அதற்குத் தெற்கே எழும்பி மறைந்த ஊர்தான். சலாபம், அதாவது முத்துக்குளிப்புப் பருவம், அறிவிக்கப்பட்டால் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கத்து வெறும் மணலில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். தெருக்கள், கடைகள், வழக்குமன்றம், சிறைக்கூடம் எல்லாம் கிடுகாலும் கம்பாலும் எழும்பும். மாசி, பங்குனி முடிந்து காற்று மாறியதும் எல்லாரும் போய்விடுவார்கள், ஊர் இருந்த இடத்தில் சிப்பி ஓடு மட்டும் கிடக்கும். 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாக வேலை செய்த லெனார்ட் வூல்ப் பின்னாளில் பெரிய எழுத்தாளரானார். அதற்கு அடுத்த ஆண்டோடு பெருஞ்சலாபங்கள் முடிந்துவிட்டன, சிப்பி பொய்த்துப் போயிற்று. இரண்டு மாதம் மட்டும் உயிரோடு இருக்கும் ஊரைவிடப் பேய்க்கதைக்குப் பொருத்தமான ஊர் எது?

பாத்திரமும் இருக்கிறது. கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறா வாய் திறக்காதபடி மந்திரத்தால் கடலைக் கட்டுவது அவருடைய தொழில். அவர் கரையில் நின்று ஓதாவிட்டால் முத்துக்குளிக்கும் குளிகாரர்கள் தோணியில் ஏறமாட்டார்கள், ஆகவே ஆங்கிலேய அரசே அவரை வைத்திருந்தது. கூலியாகச் சிப்பி பெறுவார். கடைசிச் சலாபம் முடிந்தபோது அவர் கட்டிய கடலை அவிழ்க்க மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதற்கு மேல் எழுதத் தெரியாது, எழுதத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மணத்தைப் பற்றியும் ஒரு சொல். சிப்பியைக் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பார்கள். அந்த நாற்றம் கரையெல்லாம் நிற்கும். மாதோட்டத்துப் பேய் கராம்பாக மணந்தால் எங்கள் பேய் அழுகிய சிப்பியாக நாறும். பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும் என்பது என் எண்ணம்.


குளக்கட்டு எழுதியது:

ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். பழைய நகரம் என்றதும் நான் முதலில் நினைத்தது எங்கள் கற்சிலைமடுவை. அது நகரமில்லை, ஒரு கல். 1803 ஒக்டோபர் 31 அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தான் என்று வென்றவர்கள் நட்ட கல் அது. ஆனால் பண்டாரவன்னியனைப் பேயாக்கி எழுதினால் எங்கள் ஊரில் எனக்குச் சோறு கிடைக்காது. ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

கணக்கெழுதும் பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் எப்படி எண்ணுவான்? நெல் அளக்கும்போது நம்மவர்கள் முதல் அளவை "ஒன்று" என்று சொல்லாமல் "இலாபம்" என்று சொல்லித் தொடங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இந்த வழக்கம் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, வெட்டுமெசின் வந்த பிறகு களமே இல்லை. ஆனால் அவர்களுடைய பாட்டனாருக்குத் தெரியும். எங்கள் அப்பு சூடு மிதிக்கும் (கதிரடிக்கும்) களத்தில் எங்களைச் சாதாரணமாகப் பேசவே விடமாட்டார். நெல்லைப் பொலி என்றுதான் சொல்ல வேண்டும், ஒவ்வொரு பொருளுக்கும் களத்துக்கென்று தனிப்பெயர் இருந்தது. ஊர்ப்பேச்சில் பேசினால் பூதங்கள் விளங்கிக்கொண்டு பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. களவெட்டியில் நின்று பயந்த அந்தப் பயம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது வாய்க்கு வந்த சொல்லைச் சொல்லிவிடுவேனோ என்ற பயம், பேயைக் கண்ட பயமில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். கதையில் வரும் பிள்ளை இரவில் கண் விழிக்கிறது. வெளியே யாரோ எண்ணுகிறார்கள். "இலாபம், இரண்டு, மூன்று, நாலு..." அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் பாட்டனார் பாயில் எழுந்து உட்காருகிறார். அவ்வளவு போதும், இரத்தமும் வேண்டாம், மண்டையோடும் வேண்டாம்.


நந்திக்கரை எழுதியது:

மண்டையோடு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தொடங்குகிறேன். முல்லைத்தீவில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள் நான். எங்கள் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பலகையில் வரைந்த மண்டையோடு என்றால் பேய் அன்று, மிதிவெடி. அதைக் கண்டால் அப்பால் போகக்கூடாது என்று நடக்கப் பழகும்போதே பழக்குகிறோம். ஆசிரியையின் முதற்கதையில் மூன்று பிள்ளைகள் இரவில் போய் நிலத்தைத் தோண்டுகிறார்கள் என்பதை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு பதறியது. வேறு நாட்டுக் கதைகளில் பிள்ளைகள் எங்கும் தோண்டலாம். வன்னியில் எழுதுகிறவர் அந்த ஒன்றைச் செய்யக்கூடாது. கதையில் வரும் பிள்ளையும் தெரியாத இரும்பைத் தொடக்கூடாது, தெரியாத மேட்டில் கால் வைக்கக்கூடாது. புதையல் தோண்டுவது சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும், அது இரண்டாவது காரணம். அரிப்பு அண்ணாவின் சலாபக் கதையை எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். தோணிகள் புறப்படுவதற்கு இரவில் பீரங்கி வெடிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். அந்த ஒலியைத் தயவுசெய்து கதைக்குள் கொண்டுவராதீர்கள். எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் தீபாவளிக்கே பட்டாசு கொளுத்துவதில்லை.

பயமுறுத்தலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தாராளமாகப் பயமுறுத்தலாம். பிள்ளைகள் பயப்பட விரும்புகிறார்கள், கூடி இருந்து பயந்து பின் சிரிக்க விரும்புகிறார்கள். இப்போது தரம் ஆறில் இருப்பவர்கள் 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு நேரடி நினைவு எதுவும் கிடையாது. ஆனால் அவர்கள் வளரும் வீட்டின் சுவரில் படங்கள் இருக்கின்றன. மாலை போட்ட படங்கள் உண்டு, மாலை போடாத படங்களும் உண்டு. மாலை போடாத படத்தில் இருக்கும் மாமாவைப் பற்றி வீட்டில் ஒருவரும் இறந்தார் என்று சொல்வதில்லை. அம்மம்மா இன்னும் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளை உங்கள் கதையை வாசிக்கும் என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே நான் ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். பேய் வீட்டுக்குத் திரும்ப வழி தேடும் பேயாக இருக்கக்கூடாது, தாயைத் தேடும் பேயாக இருக்கவே கூடாது. அயலில் எழுதப்படும் பேய்க்கதைகளில் பாதி இதுதான், நன்றாக எழுதினால் எல்லாரும் அழுவார்கள். எங்கள் பிள்ளைகளிடம் அந்தக் கண்ணீரை வாங்க நமக்கு உரிமை இல்லை. கணக்கெழுதும் பையன் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அவன் ஒருவருக்காகவும் காத்திருக்கவில்லை என்பதுதான். அவனுக்கு வேலை இருக்கிறது. அவன் எப்படி இறந்தான் என்று எழுதவே எழுதாதீர்கள். பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கட்டும். ஆயிரம் ஆண்டு ஆகிவிட்டதால் அவனுக்கே மறந்துவிட்டது என்று அவனே சொல்லட்டும், கொஞ்சம் வெட்கத்தோடு.


பாலைப்பழம் எழுதியது:

ஐயாவுக்கும் அரிப்பு அண்ணாவுக்கும் குளக்கட்டு ஐயாவுக்கும் நந்திக்கரை அக்காவுக்கும் நன்றி. தோண்டுகிற பகுதியை வாசித்து அக்காவுக்கு நெஞ்சு பதறியது என்பதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இதே மண்ணில் இருந்துகொண்டு அதை நான் எப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. கதை எழுதும்போது நான் வேறெங்கோ போய்விட்டேன் போலும். அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

புதிதாக எழுதியது இப்படித் தொடங்குகிறது:

"அன்று இரவு வீட்டில் ஒருவரும் கறி காய்ச்சவில்லை. ஆனாலும் கராம்பு மணத்தது. அப்பு மூக்கை உறிஞ்சிவிட்டு, 'ஆர் பிள்ளை பல்லுக்குத் துன்பமோ?' என்று கேட்டார். ஒருவருக்கும் பல்வலி இல்லை."

வரலாற்றைத் தனியாகச் சொல்லும் பந்திகளை எடுத்துவிட்டேன். பையன் எண்ணும் பட்டியலில் மிளகு, மணி, பீங்கான், குதிரை என்று வருவதே பட்டினத்தைக் காட்டிவிடுகிறது. குதிரையை எண்ணும்போது மட்டும் அவன் கொஞ்சம் பயப்படுகிறான். கடல்கட்டியை அரிப்பு அண்ணாவே எழுத வேண்டும், அதை நான் தொடமாட்டேன்.

ஒரே ஒரு முடிச்சு அவிழவில்லை. கராம்பு ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டது, இனி வராது. கதையில் வரும் பிள்ளை சமையலறைப் பேணியில் இருந்து ஒரு கராம்பை எடுத்துக் கொடுப்பதாக எழுதினேன். பேய் அதை ஏற்றுக்கொண்டு மறைந்துவிட்டால் மிகவும் இலகுவாக முடிந்துவிடுகிறது. இது அந்தக் கராம்பு இல்லை என்று மறுத்துவிட்டால் கதை துக்கமாக முடிகிறது. இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை.


அருவியாற்றுக்கரை எழுதியது:

ஆசிரியை அவர்களே, குதிரையை எண்ணப் பயப்படுவது மிகச் சரி. குதிரை அரசனுக்குப் போகிற சரக்கு, அதில் பிழை விட்டால் தப்ப முடியாது.

உங்கள் முடிச்சைப் பற்றி. நான் நாற்பது ஆண்டு பேரேடு எழுதிய ஆள் என்ற முறையில் சொல்கிறேன். கணக்கன் எதையும் சும்மா வாங்கமாட்டான், சும்மா மறுக்கவும் மாட்டான். கையில் வந்ததை வரவு வைப்பான். தொலைந்த கராம்பு தொலைந்ததாகவே ஓலையில் நிற்கும். அதன் கீழே புதிய வரி ஒன்று எழுதுவான்: இன்னார் தந்த கராம்பு ஒன்று. எழுதுவதற்குப் பெயர் வேண்டும் அல்லவா? ஆகவே எழுத்தாணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "உன் பெயர் என்ன?" என்று கேட்பான்.

அந்த இடத்தில் பிள்ளை பெயரைச் சொல்லுமா, பாட்டனார் வாயைப் பொத்துவாரா என்பதை நீங்கள் வகுப்பில் வாசித்துக் காட்டி நிறுத்திவிட்டு, அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்பதை இங்கே வந்து எழுத மறக்க வேண்டாம்.